சொல்லாமல் ஏவிய கணை



உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள பூகோள உருண்டையை எடுத்துச் சென்னையிலிருந்து வட கொரியாவின் தலைநகரான பியாங்யாங் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். இடையே வங்கக் கடல் இருக்கிறது. சீனப் பெருநிலம் இருக்கிறது. அத்துணைத் தொலைவில் உள்ள ஒரு சிறு நாடு தன் கடற்கரையிலிருந்து ஓர் ஏவுகணையைச் செலுத்தினால், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு அதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். வடசென்னைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறும் பூகோளமும் கற்பித்தவன் நான். இக்கேள்வியை என் மாணவர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்குரிய விடையைப் படிப்படியாக ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நம் கரையின் பழைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிவந்து குண்டு பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. தாக்குதல் அரைமணி நேரங்கூட நீடிக்கவில்லை. மாண்டவர் எண்ணிக்கையும் விரல் விட்டு எண்ணக்கூடியதே. ஆயினும், அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கான மக்கள் நகரை விட்டு வெளியேறினர். கப்பலோ ஒருமுறை வந்ததோடு சரி. நவம்பர் மாதம் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிபட்டுக் கரைதட்டி அழிந்தது. ஆனால் அச்சம் கப்பலோடு அழியவில்லை. அது மொழிக்குள்ளேயே புகுந்துகொண்டது. சூழ்ச்சியில் வல்ல ஒருவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் மக்கள் சொல்லும் வழக்கம் அந்த இரவின் எச்சமேயாகும்.

அடுத்து 1942-ஆம் ஆண்டு. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பையும், 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9-ஆம் நாள் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அடுத்த இலக்கு சென்னையே என்று அரசாங்கம் கருதியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குச் சென்றது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடும் என்று அஞ்சி, மிருகக்காட்சிசாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். என் பாட்டனார் அப்போது துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். குடும்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் குடியாத்தத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் வேலைக்காக இராயபுரத்திலேயே தங்கிவிட்டார். தெருவில் நாய்கள் தவிர வேறு உயிர் இல்லை என்பார். எதிர்பார்த்த ஜப்பானியக் கப்பற்படை அந்த ஏப்ரலில் சென்னைக்கு வரவேயில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான் ஒற்றை விமானம் ஒன்று வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுச் சென்றது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளாலும் தெரிவது என்ன? ஆயுதம் செய்யும் அழிவு ஒரு வகை. ஆயுதம் எப்போது, எங்கிருந்து, எதன்மேல் வரும் என்று தெரியாமையால் விளையும் அழிவு மற்றொரு வகை. பின்னது குண்டு விழாமலே ஒரு நகரைக் காலி செய்துவிடும். இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு கொரியாவைப் பார்ப்போம்.

கொரியா நெடுங்காலம் ஒரே நாடாக இருந்தது. 1910-இல் ஜப்பான் அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1945-இல் ஜப்பான் தோற்றபோது, 38-ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் நின்றன. தற்காலிகமாகப் போட்ட கோடு நிலையான எல்லையாகிவிட்டது. 1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் வடக்கின் படைகள் தெற்கினுள் புகுந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின்கீழ் அமெரிக்கா முதலிய நாடுகள் தெற்குக்குத் துணைநின்றன. சீனா வடக்குக்குத் துணைவந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டபின், 1953-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் போர் நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது போரை நிறுத்தி வைத்த உடன்படிக்கையேயன்றிச் சமாதான உடன்படிக்கை அன்று. அதற்குப்பின் சமாதான உடன்படிக்கை எதுவும் ஏற்படவேயில்லை. பின்னர் வந்த சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் போரில் இந்தியா துப்பாக்கி ஏந்திச் செல்லவில்லை. மருந்துப் பெட்டி ஏந்திச் சென்றது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் மருத்துவப் படைப்பிரிவு அங்கே காயமுற்றோருக்குப் பணிபுரிந்தது. போர்க் கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலில் பேச்சுவார்த்தை முட்டி நின்றபோது, வி. கே. கிருஷ்ண மேனன் முயன்று வகுத்த தீர்மானம் 1952 டிசம்பரில் ஐ. நா. பொதுச்சபையில் நிறைவேறியது. தாய்நாடு திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கென அமைந்த நடுநிலை நாடுகளின் குழுவுக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர். வடக்குக்கும் போகமாட்டோம், தெற்குக்கும் போகமாட்டோம் என்று உறுதியாய் நின்றவர்கள் 88 பேர். கொரியர் 76 பேர். சீனர் 12 பேர். அவர்கள் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினருடன் கப்பலேறி வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகம். பிற்பாடு அவர்களுள் பெரும்பாலோர் பிரேசில், அர்ஜென்டினா ஆகிய நாடுகளுக்குச் சென்று குடியேறினர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். கொரியச் சிக்கல் இராயபுரத்துக்கு அயலானதன்று என்று நான் கூறுவது இதனாலும்தான்.

நிற்க. வட கொரியா ஏன் தனித்து நிற்கிறது? கிம் இல் சுங் ஆட்சியில், பிறரைச் சாராமை என்பதே அந்நாட்டின் கொள்கை என்று முழங்கப்பட்டது. உண்மையில் அது சோவியத் உதவியையும் சீன உதவியையும் பெரிதும் சார்ந்திருந்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உதவி நின்றது. மின்சாரமும் உரமும் குறைந்தன; விளைச்சல் வீழ்ந்தது; 1990-களின் இடைப்பகுதியில் கொடும் பஞ்சம் வந்து பெருந்தொகையான மக்கள் மாண்டனர். அதே காலத்தில் தென்கொரியா தொழில் வளர்ச்சியில் முன்னேறிச் சென்றது. இவ்வாறு வலிமையும் செல்வமும் எதிர்ப்பக்கம் சாய்ந்த நிலையில், ஆள்வோர் தம் ஆட்சியைக் காக்கும் கவசமாக அணுகுண்டையும் ஏவுகணையையும் கருதினர். தம் மக்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டால் ஆட்சி நிலைக்காது என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. 2003-இல் ஈராக்கிலும் 2011-இல் லிபியாவிலும் ஆட்சிகள் வீழ்ந்தமையை அவர்கள் தமக்கு ஒரு பாடமாக எடுத்துக்காட்டினர். ஒருவன் செயலுக்குக் காரணம் கூறுவது வேறு; அச்செயலை ஏற்பது வேறு. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் 1985-இல் சேர்ந்த வட கொரியா, 2003-இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2006 அக்டோபரில் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்று, 2016-இல் இரண்டு, 2017 செப்டம்பரில் மிகப் பெரியதொன்று. ஆக 2017 முடிய ஆறு. குண்டு இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு சேர்க்கும் ஊர்தி வேண்டும். அந்த ஊர்திதான் ஏவுகணை.

ஏவுகணை எப்படிச் செல்கிறது? இதனை விளக்க ஆடுகளத்தில் நான் செய்துகாட்டும் முறை ஒன்று உண்டு. ஒரு மாணவனிடம் பந்தைக் கொடுத்து, முழு வலிமையோடு சாய்வாக எறியச் சொல்வேன். பந்து வளைந்து சென்று ஆடுகளத்தின் மறுகோடியில் விழும். அதே மாணவனை, அதே வலிமையோடு ஏறக்குறைய நேர் மேலாக எறியச் சொல்வேன். இப்போது பந்து மிக உயரம் சென்று, அவனுக்கு அருகிலேயே விழும். எவ்வளவு உயரம் சென்றது என்று தெரிந்தால், சாய்வாக எறிந்திருந்தால் எவ்வளவு தொலைவு போயிருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். ஏவுகணையும் இத்தகையதே. இயந்திரம் எரிவது முதற் சில நிமிடங்கள் மட்டும். அதன்பின் அது எறிந்த கல். பூமியின் ஈர்ப்பே அதன் வழியை வகுக்கும்.

2017 நவம்பர் 29-ஆம் நாள் வட கொரியா ஏவிய ஹ்வாசாங்-15 என்னும் கணை ஏறக்குறைய 4475 கிலோமீட்டர் உயரம் எழும்பி, 950 கிலோமீட்டர் தொலைவில் கடலில் விழுந்தது. பறந்த நேரம் 53 நிமிடம். பந்தின் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். அக்கணையைச் சாய்வாகச் செலுத்தியிருந்தால் அமெரிக்கப் பெருநிலத்தையே எட்டியிருக்கக்கூடும் என்று வல்லுநர் கணித்தனர். அருகில் விழுந்தது என்ற செய்தியைக் கேட்டு, ‘தோற்றுப்போன சோதனை’ என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்று இப்போது விளங்கும். பூமியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயரம் சென்ற கணை அது.

இனி அண்டை நாடுகளின் நிலையைப் பார்ப்போம். தென்கொரியாவின் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். இராயபுரத்திலிருந்து பழவேற்காடு இருக்கும் தொலைவை நினைத்துக்கொண்டால் போதும். ஜப்பான் கடலுக்கு அப்பால் உள்ளது. 1998 ஆகஸ்டு 31-ஆம் நாள் வட கொரியாவின் கணை ஒன்று முதன்முதலாக ஜப்பான் நாட்டின் மேலாகப் பறந்தது. 2017 ஆகஸ்டு 29-ஆம் நாள் விடியற்காலை மற்றொரு கணை ஹொக்கைடோ தீவின் மேலாகப் பறந்து பசிபிக் கடலில் விழுந்தது. கணை புறப்பட்ட சுமார் நான்கு நிமிடத்தில் மக்களின் கைபேசிகளில் எச்சரிக்கை ஒலித்தது. அடுத்த சில நிமிடங்களில் கணை தலைக்குமேல் கடந்துபோயிற்று. உறுதியான கட்டடத்துக்குள் போங்கள் என்பதுதான் செய்தி. மீன்பிடி படகில் இருப்பவனுக்கு உறுதியான கட்டடம் ஏது? 2022 அக்டோபர் 4-ஆம் நாள் மீண்டும் ஒரு கணை ஜப்பான் மேலாகப் பறந்தது. அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், தென்கொரியாவின் கரைக்கு அப்பால் ஒரு கணை விழுந்தது. கணவாய் மீன் பிடித்து வாழும் மீனவர்களைக் கொண்ட உல்லுங் தீவில் விமானத் தாக்குதல் சங்கு முழங்கியது. காசிமேட்டில் அத்தகைய சங்கு முழங்கினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சம் பிழைகளையும் பெற்றெடுக்கும். 2018 ஜனவரி 13-ஆம் நாள் ஹவாய்த் தீவு மக்களுக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, இது ஒத்திகை அன்று என்று ஓர் எச்சரிக்கை போயிற்று. அது தவறாக அனுப்பப்பட்ட செய்தி. அது தவறு என்று கைபேசிகளுக்கு மறுசெய்தி வர 38 நிமிடம் ஆயிற்று. அந்த 38 நிமிடத்தில் பெற்றோர் தம் குழந்தைகளைப் பாதாளச் சாக்கடைக் குழிகளில் இறக்கிய காட்சிகளும் உண்டு. 1942-இல் நம் ஊர் பட்ட பாட்டுக்கும் இதற்கும் வேறுபாடு கருவிகளில் மட்டுமே.

ஒரு நாடு தன் காப்புக்கென்று செய்வது பக்கத்து நாட்டுக்கு அச்சமாகிறது. அந்த அச்சத்தால் பக்கத்து நாடு செய்வது மூன்றாம் நாட்டுக்கு அச்சமாகிறது. இந்தச் சங்கிலி எப்படி நீள்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வட கொரியாவின் கணைகளைத் தடுக்க, தாட் எனப்படும் அமெரிக்கத் தடுப்புக் கருவியைத் தன் மண்ணில் நிறுவ 2016-இல் தென்கொரியா இசைந்தது. அதனோடு வரும் ராடார் தன் நாட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்று சீனா சினந்தது. 2017-இல் கொரியாவுக்குச் செல்லும் சீனச் சுற்றுலாக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. சீனாவில் கொரிய நிறுவனங்களின் வாணிகம் சரிந்தது. ஹூண்டாய்க் கார் விற்பனையும் அங்கே பெரிதும் வீழ்ந்தது. அதே ஹூண்டாய் நிறுவனம் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்து, சென்னைத் துறைமுகத்தின் வழியே பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்த நிறுவனம். கார் ஏற்றும் கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் எத்தனை ஓட்டுநர்க்கு, எத்தனை சரிபார்ப்போர்க்கு, எத்தனை லாரிக்காரர்க்கு வேலை கிடைக்கிறது என்பது இராயபுரத்து வீடுகளுக்குத் தெரியும். கொரியக் கடலில் ஒரு போர் மூளுமாயின், அக்கடலில் செல்லும் கப்பல்களின் காப்பீட்டுக் கட்டணம் ஏறும். உதிரிப் பாகங்கள் தாமதமாகும். அதன் விலையை இங்குள்ள கூலிக்காரனும் கொடுக்க வேண்டிவரும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை ஒருமுறை நேராகவே கேட்டாள்: “ஐயா, நாமும்தானே ஏவுகணைச் சோதனை செய்கிறோம்? ஒடிசாக் கரையிலிருந்து அக்கினி ஏவுகிறோம் என்று நாமே பெருமைப்படுகிறோம். அவர்கள் செய்தால் மட்டும் ஏன் குற்றம்?” அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆகவே மழுப்பாமல் விடை கூறுதல் வேண்டும்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை ஒப்புக்கொள்வோம். இந்தியா 1974-இலும் 1998-இலும் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. 1998 ஜூன் மாதம் ஐ. நா. பாதுகாப்புச் சபை 1172 என்னும் எண்ணுள்ள தீர்மானத்தால் இந்தியா, பாகிஸ்தான் இரண்டையும் கண்டித்தது. அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் சமமற்றது என்று கூறி இந்தியா அதில் சேரவேயில்லை. அப்துல் கலாம் பெயரைத் தாங்கிய ஒடிசாத் தீவிலிருந்து கணைகள் வங்கக் கடலின்மேல் பறந்தே செல்கின்றன. 2012 ஏப்ரலில் முதன்முதலாகச் சோதித்த அக்கினி-5 ஐயாயிரம் கிலோமீட்டர் செல்ல வல்லது. ஆகவே ஆயுதம் தீது என்று பிறருக்கு மட்டும் போதிக்க நமக்குத் தகுதியில்லை.

ஆயினும் வேறுபாடுகள் உண்டு. முதலாவது, சட்டம். வட கொரியா ஒப்பந்தத்தில் சேர்ந்து, அதன் பயனை ஏற்று, பின்னர் விலகியது. 2006-இல் வந்த 1718-ஆம் தீர்மானமும் அதன்பின் வந்தவையும் ஐ. நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் வந்தவை. அதாவது எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்துபவை. இந்தியாவைக் கண்டித்த தீர்மானம் அத்தகையதன்று.

இரண்டாவது வேறுபாடுதான் சாதாரண மக்களுக்கு மிக இன்றியமையாதது. அது முன்னறிவிப்பு. உலகக் கடல்களைப் பன்னாட்டு அமைப்புகள் 21 எச்சரிக்கைப் பகுதிகளாகப் பிரித்துள்ளன. எட்டாம் பகுதிக்குப் பொறுப்பு இந்தியா. டேராடூனிலுள்ள கடல் அளவைத் தலைமையகம் அதனைக் கவனிக்கிறது. பதினோராம் பகுதிக்குப் பொறுப்பு ஜப்பான். ஒரு நாடு கணையோ ராக்கெட்டோ ஏவும்முன், இந்த நாளில், இந்த நேரத்தில், கடலின் இந்தப் பகுதிக்குள் வரவேண்டாம் என்று கப்பல்களுக்கு இவ்வழியே செய்தி போகும். விமானங்களுக்குத் தனி அறிவிப்பு உண்டு. நம் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில், பழவேற்காட்டு மீனவர் குறித்த கடற்பகுதிக்குள் செல்லலாகாது என்று அறிவிப்பு வருவதை நம்மவர் அறிவர். ஒரு நாள் தொழில் போகிறதே என்ற மனக்குறை அவர்களுக்கு உண்டு. அது நியாயமான குறை. ஆயினும் தொழில் போவதும் உயிர் போவதும் ஒன்றல்லவே!

வட கொரியா சில வேளைகளில், குறிப்பாகச் செயற்கைக்கோள் ஏவுவதாகக் கூறும்போது, முன்னறிவிப்புத் தந்ததுண்டு. ஆனால் அதன் ஏவுகணைகளுள் மிகப் பல, சொல்லாமல் ஏவியவையே. 2023 மே மாதம் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, முன்னறிவிப்பின்றி ஏவுதல் கப்பலோட்டிகளுக்கு ஆபத்து என்று அந்நாட்டைக் கண்டித்தது. அந்தக் கடல்களில் செல்லும் சரக்குக் கப்பல்களில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். திருவொற்றியூர்க் குடும்பங்களில் பிள்ளை கப்பலில் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்வோர் பலர்.

பகைநாடுகளுக்கிடையேகூட முன்னறிவிப்பு இயலும் என்பதற்கு நாமே சான்று. 2005 அக்டோபர் 3-ஆம் நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் உடன்படிக்கை செய்தன. பாலிஸ்டிக் வகையைச் சேர்ந்த கணையைச் சோதிக்கும் நாடு, குறைந்தது மூன்று நாள் முன்பே மற்ற நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏவுமிடம் எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருத்தலாகாது. விழுமிடம் எழுபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருத்தலாகாது. இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் பிழை நேரும். 2022 மார்ச் 9-ஆம் நாள் இந்தியாவின் கணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானில் மியான் சன்னு என்ற இடத்தருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அது தற்செயல் நிகழ்ச்சி என்று இந்தியா வருத்தம் தெரிவித்தது. பின்னர் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பாகிஸ்தான் திருப்பித் தாக்கவில்லை. பேச்சுத் தொடர்பும் பொறுமையும் இல்லாத இரு நாடுகளிடையே இது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொரியக் கடலை எண்ணி உலகம் அஞ்சுவது இதற்காகவே.

வட கொரியக் கணைகள் இந்தியாவின் காப்பையும் நேராகத் தொட்டன. 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் சோதித்த கோரி என்னும் கணை, வட கொரியாவின் நோடாங் கணையைத் தழுவியது என்பது வல்லுநர் பலரின் முடிவு. 1999 ஜூன் மாதம், குவோல்சான் என்னும் வட கொரியக் கப்பல் சர்க்கரை இறக்கக் குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகத்துக்கு வந்தது. சுங்க அதிகாரிகள் ஐயுற்றுப் பெட்டிகளைத் திறந்தபோது, ஏவுகணைப் பாகங்களும் வரைபடங்களும் வெளிப்பட்டன. கப்பலின் சரக்குப் பட்டியல் சொன்னது ஒன்று. பெட்டிக்குள் இருந்தது வேறொன்று. மிகப் பெரிய இரகசியம் ஒன்றை வெளிப்படுத்தியது படைவீரரின் துப்பாக்கியன்று. பட்டியலையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்த துறைமுக ஊழியரின் கடமையுணர்ச்சியே. துறைமுகத்தருகே வளரும் பிள்ளைகளாகிய உங்களுள் சிலர் நாளை அத்தகைய பணியில் அமர்வீர்கள். நினைவில் வையுங்கள்.

இச்சிக்கலைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமலில்லை. 1994-இல் அமெரிக்காவுடன் செய்த உடன்பாடு சில ஆண்டுகள் அணு உலைப் பணியை நிறுத்தி வைத்தது, பின்னர் முறிந்தது. 2003 முதல் ஆறு நாடுகள் கூடிப் பேசின; அதுவும் நின்றது. 2018 ஜூனில் சிங்கப்பூரிலும் 2019 பிப்ரவரியில் ஹனோயிலும் அமெரிக்க அதிபர் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் சந்தித்தனர், முடிவு ஏற்படவில்லை. பொருளாதாரத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இந்தியாவும் 2017-இல் உணவு, மருந்து ஒழிந்த ஏனைய வாணிகத்தைத் தடுத்தது. தடைகளை எல்லா நாடுகளும் கடைப்பிடித்தால்தான் பயன் உண்டு. 2024 மார்ச்சில், தடைகளைக் கண்காணித்துவந்த ஐ. நா. வல்லுநர் குழுவின் காலத்தை நீட்டிக்க விடாமல் ருஷ்யா தன் தடுப்பு வாக்கைப் பயன்படுத்தியது. அதே ஆண்டு ஜூனில் ருஷ்யாவும் வட கொரியாவும் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வட கொரியா ஏவிய கணை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் உயரம் சென்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் முடியாமல் விட்ட போர் எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டது, பாருங்கள்!

அப்படியாயின் மாணவர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? கணையைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் செய்தியைச் சரியாகப் படிக்க இயலும். ஏவுகணைச் சோதனை பற்றிய செய்தி வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முன்னறிவிப்புத் தந்தார்களா? எவ்வளவு உயரம் சென்றது, எங்கே விழுந்தது? அதன்பின் அண்டை நாடு என்ன செய்தது? பேசுவதற்கு இருவருக்கும் இடையே வழி திறந்திருக்கிறதா? இந்நான்குக்கும் விடை கண்டபின் அஞ்ச வேண்டுமாயின் அஞ்சலாம். அதற்குமுன் பிறர் அனுப்பும் வதந்தியை நம்பி அஞ்சுதலும் தவறு, அதை மற்றவர்க்கு அனுப்புதல் அதனினும் தவறு. நம் நாடு சோதிக்கும்போதும் இதே நான்கு கேள்விகளைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கைதட்டுவதற்கு முன், மீனவர்க்கும் மாலுமிக்கும் அண்டை நாட்டார்க்கும் உரிய அறிவிப்புப் போயிற்றா என்று பார்ப்பதே நாகரிகமுள்ள குடிமகனின் இயல்பு.

ஆயுதங்கள் ஒழிய வேண்டும் என்பது நல்லோர் விருப்பம். அது கைகூடும் காலம்வரை, சொல்லிவிட்டுச் செய்தல் என்னும் சிறு ஒழுக்கமாவது நாடுகளிடையே நிலைக்க வேண்டும். பெரிய சமாதானங்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு ஒழுக்கங்களிலிருந்தே தொடங்கியிருக்கின்றன. 1952-இல் கைதிகளைப் பற்றிய ஒரு தனிச் சிக்கலுக்கு வழி வகுத்தது அடுத்த ஆண்டு துப்பாக்கிகள் ஓய்வதற்கு உதவிற்று. வரலாற்றை ஊன்றிப் படியுங்கள். பூகோள உருண்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தொலைவு என்பது எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே தெரியவரும்.